இடப்பக்கம் மூன்று அங்குலம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நீ, உன் வீட்டுக்காரி, வானர சேனை இரண்டும் சௌக்கியமா? உன் இடுப்பு வலி விட்டதா? எனக்கு வலது காது போயாச்சு, இடது காது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் போன் பண்ணாதே. நீ கத்துவதும் நான் "என்னது, என்னது" என்பதும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் நல்ல பொழுதுபோக்கு. எதுவானாலும் எழுது.

ஒரு வேலை இருக்கிறது. என் தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு அருவிப் படம் தொங்குகிறதே, ஞாபகம் இருக்கிறதா? பல வருஷமாக அந்த அருவியையே பார்த்துக்கொண்டு காஜா எடுத்து அலுத்துவிட்டது. சட்டம் மட்டும் நல்ல மரம். அதை எடுத்துவிட்டு, பெரியவளின் கல்யாணப் பதிவன்று ஆபீஸ் படிக்கட்டில் நின்று எடுத்தோமே, அந்தப் படத்தைப் போட வேண்டும். ஐந்து பேர் இருக்கிறோம்: பெரியவள், மாப்பிள்ளை, சம்பந்தி இருவர், கடைசியில் நான். சட்டத்தின் உள் அளவு படுக்கைவாட்டில் பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம். டேப் வைத்து இரண்டு தடவை அளந்தேன். தையல்காரி அளவு தப்பாது.

சட்டத்தையும் படம் இருக்கும் மெமரி கார்டையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். படம் பெரியவள் அப்போது எல்லாருக்கும் அனுப்பியதுதான். வேறு இல்லையா என்று கேட்டேன், பழைய போன் போய்விட்டது என்றாள். நீ பிரிண்ட் கடையில் இருக்கும்போது எனக்கென்ன கவலை? ஒன்றே ஒன்று. யார் தலையையும் வெட்டாதே, காலையும் வெட்டாதே. துணியென்றால் ஓரத்தில் கூடுதல் விட்டு வெட்டுவோம், தப்பினால் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் தொழிலில் அந்த வசதி உண்டோ இல்லையோ.

இரண்டு வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இப்போது பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் பழகிவிட்டன. காதுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

சட்டம் இன்று பார்சலில் கிளம்புகிறது. உன் படம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. முதல் சங்கடம், அது கைமாறிக் கைமாறித் தேய்ந்த படம். போனில் அனுப்பும்போதெல்லாம் இளைத்துவிடும். பெரிதாக்கினால் முகமெல்லாம் பொரி மாதிரி உடையும். அதைக் கொஞ்சம் சரிக்கட்டினேன். இரண்டாவது சங்கடம், படம் சதுரம், சட்டம் செவ்வகம். அகலத்துக்குப் பெரிதாக்கினால் மேலும் கீழும் போகும். மேலே சம்பந்தியின் வழுக்கை, கீழே எல்லாருடைய செருப்பு. நீயோ தலையும் கூடாது, காலும் கூடாது என்கிறாய். உயரத்துக்குப் பொருத்தினால் பக்கத்தில் மூன்று அங்குலம் காலி.

முதலாளி, "வெள்ளையா விட்டுட்டுப் போய்யா, யாரு பாக்கப் போறா"ன்னார். "எங்க அக்கா பாப்பா சார், அது தையக்காரி கண்ணு"ன்னேன். கடைசியில் இடப்பக்கம் மூன்று அங்குலம் சேர்த்துவிட்டேன். ஒட்டே தெரியாது. எப்படி என்று கேட்காதே, அது தொழில் ரகசியம்.

ஒரு சந்தேகம். இடது ஓரத்தில் நிற்கும் பெரியவள் ஏன் கேமராவைப் பார்க்கவில்லை? தலையைத் திருப்பி யாரிடமோ பேசுகிற மாதிரி இருக்கிறாள். அவள் கையும் தோளுக்குக் கீழே வெட்டுப்பட்டு இருந்தது. எடுத்தவனுக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மெஷினிலேயே உட்கார்ந்திருக்காதே.

உன் தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும். எழுதியதாக வைத்துக்கொள். உங்கள் நலனை அறிய ஆவல்.

படம் வந்த அன்றே மாட்டிவிட்டேன். ரொம்ப அழகாக இருந்தது. இரண்டு நாள் கண் நிறையப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் அதைக் கண்டேன். நீ சேர்த்த அந்த மூன்று அங்குலத்தில், பெரியவளுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிறான். முகம் இல்லை, சட்டம் அதற்குள் முடிந்துவிடுகிறது. ஒரு தோள், அரைக்கைச் சட்டை, தொங்கும் கை, அவ்வளவுதான். சட்டை நீலக் கட்டம்.

அந்தச் சட்டையை நான் தைத்தேன், தம்பி. சின்னவன் சுருட்டைக்கு லாரியில் வேலை கிடைத்தபோது தைத்துக்கொடுத்தது. பழசாகித் தோளில் கிழிந்தபோது நானே ஒட்டுப் போட்டேன். அவன் வந்திருக்கிறான்! அக்கா கல்யாணத்துக்கு என் பிள்ளை வந்திருக்கிறான். உனக்குத் தெரிந்திருக்கிறது, அதைத்தான் தொழில் ரகசியம் என்று எழுதினாயா?

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. குடித்துவிட்டு வந்து கதவை உடைத்தவனை, இனி என் முகத்தில் முழிக்காதே என்று நான் விரட்டினது ஊருக்கே தெரியும். கல்யாணத் தேதி வைத்தபோது மனசு கேட்கவில்லை. பெற்ற மனம் பித்து. கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கினேன். ஒரு வருஷமாகப் பார்க்காத பிள்ளைக்கு எந்த அளவில் தைப்பேன்? அதனால்தான் ரெடிமேட். நாற்பது இருக்கும் என்று குத்துமதிப்பாக எடுத்தேன், சந்தன நிறம். லாரி ஆபீஸ் குமாஸ்தாவிடம் கொடுத்து, "அம்மா குடுத்துச்சுன்னு சொல்லுங்க, அது போதும்" என்றேன். கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னார்.

கல்யாணத்தன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வரவில்லை என்றார்கள். நாலாம் நாள் லாரி கவிழ்ந்த செய்தி வந்தது. லாரி ஆபீசில் கொடுத்த அவன் பையில் அந்தச் சட்டை இல்லை.

இப்போது தெரிந்துவிட்டது. வந்திருக்கிறான், பழைய சட்டையிலேயே வந்திருக்கிறான். நான் கொடுத்ததைத் தொடவில்லை. உன் சட்டையும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு வருஷமாக, ஒருவேளை போட்டிருப்பானோ, போட்டுப் பார்த்திருப்பானோ என்று அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். திருப்பி வைத்தாலும் அந்தக் கை அங்கேதான் தொங்குகிறது. கொடியில் காயும் சட்டையைப் பார்த்தால் கூடத் திடுக்கென்கிறது. தைக்க உட்காரவில்லை.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ சாப்பிட்டாயா? முதலில் அதற்குப் பதில் எழுது.

அக்கா, நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிவிட்டேன். அந்த மூன்று அங்குலம் படம் இல்லை. அங்கே எதுவும் இருந்ததில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வசதி வந்திருக்கிறது. படத்தின் ஓரம் போதவில்லை என்றால், இருப்பதைப் பார்த்து இல்லாததை அதுவே வரைந்து நிரப்பும். சுவர் இருந்தால் சுவரை நீட்டும், புல் இருந்தால் புல்லை நீட்டும். கடையில் தினமும் பண்ணுகிறோம். பெரியவளின் கை ஓரத்தில் வெட்டுப்பட்டு இருந்தது. கை இப்படி நீண்டால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று அதுவாகக் கணக்குப் போட்டு, பாதி ஆளை வரைந்து வைத்துவிட்டது. நீலக் கட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சம்பந்தி போட்டிருக்கும் சட்டையைப் பார். அதே கட்டம்! அங்கிருந்து திருடி இங்கே ஒட்டியிருக்கிறது.

பிரிண்ட் வந்தபோது அந்தக் கையை நானும் பார்த்தேன். யாரோ ஆபீஸ் ஆள் மாதிரி இருக்கிறது, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கண்ணாடி போட்டு ஆணி அடித்துவிட்டேன். தொழில் ரகசியம் என்று விளையாட்டாக எழுதிய என் கையை ஒடிக்க வேண்டும்.

அவன் வரவில்லை அக்கா. பழைய சட்டையிலும் வரவில்லை, எந்தச் சட்டையிலும் வரவில்லை. நீ கொடுத்ததை அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பு, சரி செய்து தருகிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

சாப்பிட்டேன். உன் வீட்டில் எல்லாரும் நலமென்று நம்புகிறேன்.

நீ நன்றாகப் பொய் சொல்கிறாய். சின்ன வயதிலேயே அப்படித்தான். நான் உடைத்த கண்ணாடி டம்ளரைப் பூனை தட்டிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னவன் நீ. அப்போது நம்ம வீட்டில் பூனையே கிடையாது. இப்போது பூனைக்குப் பதில் மெஷினா?

மெஷின் நிரப்பும், சரி. சுவரை நிரப்பலாம், தூணை நிரப்பலாம். என் பிள்ளையை எப்படி நிரப்பும்? அதற்கு அவனைத் தெரியுமா? தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அவன் அப்படித்தான் நிற்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே.

படத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். அவன் என்னை வெறுத்துக்கொண்டு நின்றாலும் அங்கேயே நிற்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், அந்தச் சட்டையை அவன் போட்டானா இல்லையா. அதற்குப் பதில் இருந்தால் எழுது. என்னைத் தேற்றுவதற்காக எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 26

அம்மாடி பெரியவளே,

மாமா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா? போனில் பேசலாம்தான், ஆனால் இதை எழுதினால்தான் நிதானமாகச் சொல்ல வரும்.

உன் அம்மா சரியாக இல்லை. கல்யாணப் பதிவுப் படத்தைச் சட்டத்துக்குள் பொருத்த நான் கொஞ்சம் ஓரம் சேர்த்தேன். அதில் கம்ப்யூட்டர் தானாக ஒரு கையை வரைந்துவிட்டது. அது சுருட்டை என்று அம்மா நம்புகிறாள். பழைய சட்டையிலே வந்தான், தான் அனுப்பிய புதுச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டான் என்று நினைத்துத் தினமும் செத்துக்கொண்டிருக்கிறாள். மெஷினை மிதிப்பதில்லையாம். நான் சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

நீ அனுப்பிய படம் சதுரமாக இருக்கிறது. எந்தப் போனும் சும்மா சதுரமாக எடுக்காது. அப்படியென்றால் அது ஓரம் வெட்டிய படம். வெட்டாத மூலப் படம் உன்னிடம் எங்காவது இருக்கும். போன் மாறினாலும் படங்கள் எங்கேயாவது ஏறிக் கிடக்கும். அதைக் கொடு. இடப்பக்கம் வெறும் சுவர்தான் என்று அவளிடம் காட்டிவிட்டால் கதை முடிந்தது.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. மெஷின் வேலைதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள அதே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை சுவர் வந்தது, ஒரு தடவை தூண் வந்தது. அடுத்த தடவை மறுபடியும் ஒரு ஆள், அதே இடத்தில். கடையில் ஆள் நடமாட்டம் இருந்தபோதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். வெறும் கணக்குத்தான், பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் மூலப் படத்தைப் பார்த்தால் எனக்கும் நிம்மதி.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

மாமா

*

ஏப்ரல் 29

அம்மாடி,

குழந்தை, நீ, மாப்பிள்ளை எல்லாரும் நலம்தானே? போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. போன் அடித்தால் மாப்பிள்ளை எடுக்கிறார், நீ குளிக்கிறாய் என்கிறார். நாலு தடவையும் குளித்துக்கொண்டே இருந்தாய்.

அம்மாவைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். மெஷின் மேல் துணி மூடியிருக்கிறது. தைக்கக் கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறார்கள். பேச்சுக்கு நடுவே, "பக்கத்தில யாரோ நிக்கற மாதிரி இல்ல?" என்று கேட்கிறாள். படத்தைச் சுவர்ப் பக்கம் பார்க்கவும் வைக்கிறாள், பிறகு எழுந்துபோய்த் திருப்பவும் செய்கிறாள்.

அது வெறும் சுவர்தானே, பெரியவளே? அனுப்பிவிடு.

மாமா

*

மே 21

மாமாவுக்கு,

நாங்கள் நலம். குழந்தைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. அத்தையும் நீங்களும் நலமா?

கார்டு இதோடு இருக்கிறது. ஒரே ஒரு படம்தான் அதில். இதுதான் வெட்டாதது.

என்னை ஒன்றும் கேட்காதீர்கள், மாமா. அம்மாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துச் செய்யுங்கள். அழித்துவிட வேண்டும் என்று பல தடவை கை போயிருக்கிறது. ஓரத்தை வெட்ட முடிந்தது, முழுசாக அழிக்க முடியவில்லை.

பெரியவள்

*

ஜூன் 2

அம்மாடி பெரியவளே,

நலமாக இரு. பல் முளைக்கும்போது காய்ச்சல் வரும், பயப்படாதே.

படத்தைப் பார்த்தேன். உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் பார்த்ததை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அதைச் சின்னத் திரையில் பார்த்திருப்பாய், நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அவன் தலைக்குத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருக்கிறான். அந்தச் சுருட்டை எந்தக் காலத்தில் படிந்தது? காதுக்கு மேலே அதற்குள் எழும்பிவிட்டது. சந்தன நிறச் சட்டை. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு அப்படியே இருக்கிறது. மார்பில், பட்டனுக்குப் பக்கத்தில், அளவு ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருக்கிறது. நாற்பது என்று நன்றாகப் படிக்க முடிகிறது. பிய்க்க மறந்துவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறான், மடையன்.

உன் உள்ளங்கை அந்த ஸ்டிக்கருக்கு ஒரு விரல் மேலே, அவன் மார்பில் இருக்கிறது. உன் முழங்கை நேராக நீட்டி இருக்கிறது. சம்பந்தியம்மா உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் நான் எதையும் பெரிதாக்கவில்லை.

நானும் ஒரு அக்காவுக்குத் தம்பிதான். என் அக்கா என்னைத் தள்ளாத நாள் உண்டா? தள்ளுகிறவளுக்கு, நாளைக்கும் இவன் வருவான் என்று ஒரு நினைப்பு இருக்கும். அந்த நினைப்பு இல்லாமல் யாரும் தள்ள மாட்டார்கள். இதை மட்டும் மனதில் வை.

அம்மாவுக்கு அவன் சட்டை தெரிய வேண்டும். அதை நான் மறைக்க முடியாது. மற்றதை என் கைக்கு விட்டுவிடு. இந்தத் தொழிலில் எதைக் காட்டுவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய பாடு.

மாமா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? இங்கே நலம். இந்தப் பார்சலைப் பிரிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

உன்னிடம் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். மெஷின் வரைந்த கை பொய், அது சத்தியம். அவன் வரவில்லை என்று நான் எழுதியதும் பொய், அதுவும் சத்தியம். மூலப் படம் கிடைத்துவிட்டது. யாரோ ஓரத்தை வெட்டி அனுப்பியதுதான் நமக்கு வந்தது. வெட்டிய இடத்தில் அவன் நிற்கிறான். நீலக் கட்டத்தில் இல்லை, நீ கொடுத்த சட்டையில். போட்டிருக்கிறான், அக்கா. ஸ்டிக்கரைக் கூடப் பிய்க்காமல் போட்டிருக்கிறான்!

அவன் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாருடைய தலைக்கும் மேலாகக் கடைசியில் நிற்கிற உன்னைப் பார்க்கிறான்.

இதே அளவுக்கு ஒரு சட்டம் செய்து அனுப்புகிறேன், பழையதை நீ வைத்துக்கொள், இல்லை அருவிக்கே திருப்பிக் கொடு. படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, மேலே மௌண்ட் அட்டை வைத்திருக்கிறேன். அட்டையில் இரண்டு ஜன்னல் வெட்டினேன். சின்ன ஜன்னலில் அவன், அவன் சட்டையில் பெரியவளின் விரல்கள். பெரிய ஜன்னலில் நீங்கள் ஐந்து பேரும். நடுவில் ஒரு பட்டை அட்டை வருகிறது. இப்போது இப்படித்தான் பேஷன்.

இந்தத் தடவை நான் எதையும் சேர்க்கவில்லை. எதையும் வெட்டவும் இல்லை.

தைக்க உட்கார்.

உன் தம்பி

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். உன் இடுப்புக்கு எண்ணெய் தடவச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். பதில் போட ஒரு மாதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

பிரித்தேன். பார்த்தேன். அன்று முழுக்க அழுதேன், மறுநாள் எழுந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். அவ்வளவு போதும் உனக்கு.

அவன் வாய் திறந்திருக்கிறது, கவனித்தாயா? நீ அதை எழுதவில்லை. என்னைப் பார்த்து வாய் திறந்திருக்கிறது என்றால் "அம்மா"ன்னு கூப்பிட்டிருக்கிறான். பத்தடி தூரம். நான் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கே என் காது இவ்வளவு போயிருந்தது, நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் தைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் நிறுத்துகிறேன்.

வெட்டவில்லை என்று எழுதியிருந்தாய். வெட்டாதது எங்கே போகும்? அட்டைக்குப் பின்னால்தானே இருக்கும். நானும் மடித்துத் தைக்கிறவள்தான், மடிப்புக்குள் துணி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பின்பக்க ஆணியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பட்டைக்கு அடியில் அவள் முழங்கை எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். மறுபடி அட்டையை வைத்து ஆணியை அடித்துவிட்டேன். அதைப் பற்றி நீ இனி எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் குழந்தையோடு வந்தாள். கடைசியாக எப்போது வந்தாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. உள்ளே நுழைந்தவள் படத்தின் முன்னால் நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை, குழந்தை முடியைப் பிடித்து இழுப்பது கூட அவளுக்குத் தெரியவில்லை.  என்னை ஓரக் கண்ணால் பார்க்கிறாள், நான் என்ன கேட்கப் போகிறேன் என்று.

"ஏண்டி, அந்த ஸ்டிக்கரப் பிச்சு விடத்தானே கை வச்சே?"ன்னு கேட்டேன்.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"அப்பவும் அவனத் திட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கே, மூஞ்சியப் பாரு. அசையாம நில்லுடான்னு சொல்லியிருப்பே"ன்னேன்.

குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஆமாம்மா"ன்னா.

"வந்துச்சா?"

"வரலம்மா. நல்லா ஒட்டிக்கிச்சு. அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாங்க."

"சரி, விடு. சோறு வைக்கவா?"ன்னேன்.

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது. இந்த வீணாய்ப் போன இடது காதுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. காது கேட்காதவள் மாதிரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே மெஷினை மிதித்தேன், ஊசியில் நூல் கூட இல்லை. அவள் கதவைத் திறக்கிறவரைக்கும் மிதித்தேன்.

அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நீ கம்ப்யூட்டரில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். தோள் தையல் எலும்பு மேலே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. எங்கேயும் இழுக்கவில்லை, தொங்கவும் இல்லை. நாற்பதுதான் அவன் அளவு.

அன்புடன்,
அக்கா